ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய அஞ்சறைப் பெட்டி

ஓய்வு பெறும் ஆண்களுக்குச் சால்வை போர்த்துகிறார்கள், சுவர்க் கடிகாரம் கொடுக்கிறார்கள், குத்துவிளக்கு கொடுக்கிறார்கள். கூடவே மறுநாள் காலையில் போய் உட்கார ஒரு நாற்காலியும் கொடுத்தனுப்பினால் நாட்டில் பாதிக் குடும்பங்கள் நிம்மதியாக இருக்கும். நாற்காலி கிடைக்காத ஆண் நேராக அடுப்படிக்கு வந்துவிடுகிறார்.

எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருஷத்துக்கு மேல் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் கிடங்குக் கணக்கு பார்த்தவர். 2025 ஏப்ரல் 30ஆம் தேதி சால்வையோடு வீடு வந்து சேர்ந்தார். மே முதல் தேதி உழைப்பாளர் தினம், விடுமுறை. இரண்டாம் தேதி காலையில் பார்த்தால் கையில் நீளமான கணக்கு நோட்டு, காதில் பேனா.

"இன்னியிலேர்ந்து ஒரு வாரம் சிக்கன வாரம்" என்றார். வீட்டில் இருப்பதை வைத்தே சமையல். தூக்கிப் போடும் பொருளில் கைவேலை. மொட்டை மாடியில் தோட்டம். கடைக்குப் போகக் கூடாது, யாரிடமும் கடன் வாங்கக் கூடாது. எங்கோ ஒரு வீடியோவில் யாரோ ஒரு அம்மா இப்படி வாழ்ந்து காட்டினாராம். எனக்கும் போட்டுக் காட்டினார். அந்த அம்மாவின் ஃபிரிட்ஜ் மட்டும் எங்கள் பீரோவைவிடப் பெரியது. அதில் இருப்பதை வைத்து ஒரு வாரம் என்ன, நான் தை பிறக்கிற வரைக்கும் ஓட்டுவேன்.

"இன்னாங்க, கல்யாணமான நாள்லேர்ந்து நான் வேற இன்னா பண்ணிகினு கீறேன்?" என்று கேட்டேன்.

"நீ பண்றதுக்கு ரெக்கார்டு இல்லியே" என்றார்.

புளியந்தோப்பில் சிக்கனம் கற்றுக்கொடுக்க வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். மாநகராட்சியின் ஆட்டுத்தொட்டி எங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. தொடைக்கறியும் நெஞ்செலும்பும் ஊருக்குள் போய்விடும். தோல் பெரியமேட்டுக்குப் போய்விடும். தலையும் காலும் குடலும் ரத்தமும் சுவரொட்டியும் எங்கள் தெருப் பெண்களிடம் வரும். பாயா, போட்டிக் குழம்பு, ரத்தப் பொரியல் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். கறி மலிவாகக் கிடைக்கிற நாளில் வாங்கி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, நூலில் கோத்து மாடியில் காயவைத்தால் உப்புக்கண்டம். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் டப்பாவில் இருக்கும் நெத்திலிக் கருவாடும் சென்னாகுனியும் குழம்பைக் காப்பாற்றும். சைதாப்பேட்டைக்காரர்கள் மீந்த வடையை வடகறி ஆக்கி ஊருக்கே பேர் வாங்கிவிட்டார்கள். வடசென்னையில் மீந்ததை வைத்து அதே மாதிரி ஆயிரம் செய்கிறோம். பேர் வைக்கத்தான் நேரமில்லை.

முதல் நாள் இருப்புக் கணக்கெடுப்பு. அஞ்சறைப் பெட்டியைத் தராசில் வைத்தார். கடுகு இத்தனை கிராம், வெந்தயம் இத்தனை கிராம் என்று எழுதினார். மஞ்சள்தூளில் கடுகு ஒன்று கிடந்தது. "சரக்கு கலந்திருக்கு" என்று சிவப்பு மையில் குறித்தார்.

அப்புறம் விலை போட ஆரம்பித்தார். ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசி மூட்டைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம். இலவசச் சரக்குக்கு எந்த விலை போடுவது? அரை மணி நேரம் யோசித்துப் பூஜ்யம் போட்டார். பூஜ்யம் போட்டதும் முகம் மலர்ந்தது. அரிசிக்கு விலை பூஜ்யம் என்றால் சோறு எத்தனை வேளை தின்றாலும் செலவு பூஜ்யம். அன்று காலை சோறு, மதியம் சோறு, ராத்திரி சோறு.

கிடங்கில் ஒரு சட்டம் உண்டாம். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். அதை அப்படியே அடுப்படிக்குக் கொண்டுவந்தார். பரணில் இருந்த டப்பாக்களை வயதுவாரியாக வரிசையில் நிறுத்தினார். ஆகப் பழையது யாரோ கொடுத்த பாயச மிக்ஸ். அடுத்தது முடிச்சுப் போட்ட ஜவ்வரிசிப் பொட்டலம். அதற்கடுத்தது சத்துமாவு, பிறகு மொச்சைக்கொட்டை, அப்புறம் யார் வீட்டுத் தாம்பூலப் பையிலோ வந்து கொப்பரையாகிவிட்ட தேங்காய். ஆக எங்கள் வீட்டில் அன்று பணிமூப்பு அடிப்படையில் சமையல் நடந்தது. மொச்சைக் குழம்பு சரி. அதற்குத் தொட்டுக்கொள்ள ஜவ்வரிசி என்றால் என்ன செய்வது? பையன் தட்டைப் பார்த்துவிட்டு, பீச் ஸ்டேஷன் பக்கம் சினேகிதனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். வரும்போது அவன் மேல் பர்மா அத்தோ வாசனை அடித்தது.

கணக்கெடுப்பில் பெரிய பிரச்சினை உளுத்தம்பருப்பு டப்பாவில் வந்தது. பருப்புக்கு அடியில் 3,400 ரூபாய் இருந்தது. அது யாருடைய பணம், எதற்கான பணம் என்று தமிழ்நாட்டில் எந்த ஆண் கேட்டாலும் பதில் கிடையாது. அவர் கேட்டார். நான் அடுப்பைப் பார்த்தேன். கடைசியில் "கணக்கில் வராத வருமானம்" என்று எழுதி, பணத்தை எண்ணினார். அதில் ஒரு பழைய 500 ரூபாய் நோட்டு. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி பிரதமர் டி.வி.யில் வந்து செல்லாது என்று சொன்ன நோட்டு. அந்த வாரம் இந்தத் தெருவில் பருப்பு டப்பா, புடவை மடிப்பு, சாமி படத்துக்குப் பின்னால் என்று எல்லா வங்கிக் கிளைகளும் ஒரே நேரத்தில் காலியாயின. இது மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது. "இதுக்கு மதிப்பு பூஜ்யம்" என்று எழுதினார். அரிசிக்கு அடுத்து வீட்டில் இரண்டாவது பூஜ்யம்.

அடுத்து இட்லியின் அடக்கவிலை. உளுந்து, கேஸ், தேங்காய்ச் சட்னி எல்லாம் சேர்த்து ஓர் இட்லி இரண்டரை ரூபாய் வந்தது. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஓர் இட்லி ஒரு ரூபாய். பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அடுப்பை மூட்ட கட்டி வெச்சிடலாமா?" என்று கேட்டேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். யோசித்தார். அன்று காலை அவர் மட்டும் நடைப்பயிற்சி என்று கிளம்பிப் போய், ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பினார். நோட்டில் "ஆய்வுச் செலவு 9 ரூபாய்" என்று இருந்தது. நான்கு இட்லி, ஒரு பொங்கல்.

மூன்றாம் நாள் பழைய சோற்றைக் கண்டுபிடித்தார். ராயபுரத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர்கள் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்து ஆராய்ச்சி செய்வதாக எப்போதோ வந்த செய்தியைத் தெருவில் நின்று விளக்கினார். எதிர்வீட்டு ஆயா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "எங்காத்தா ஆஸ்பத்திரிக்குப் போவாமயே அத்தத்தான் துன்னுச்சு" என்றது. பிறகு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

இதற்கிடையில் வேறொரு உத்தரவு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டும் நம் பாக்கெட்டிலிருந்து என்பதால் மிக்ஸி நிறுத்தம். பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு அம்மி. தர்பூசணி தின்ற பிறகு வெள்ளைச் சதையைச் சீவிக் கூட்டு. முள்ளங்கியின் இலையில் பொரியல். கோடை வெயிலை வீணாக்கக் கூடாது என்று கூழ் காய்ச்சி வடாம். எல்லாம் நான் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் ஒன்றிரண்டாகச் செய்வேன், ஒரே நாளில் நாலும் செய்யமாட்டேன். வடாத்துக்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கூழ் கிளறியது நான். மாடியில் வேட்டி விரித்து, பிழிந்து, காக்கையை விரட்டியது நான். நோட்டில் "வடாம், 2 கிலோ, செலவு 38 ரூபாய்" என்று எழுதியது அவர்.

நாலாம் நாள் கைவேலை. கேஸைச் சேமிக்க ஒரு பெட்டி செய்யப் போவதாக அறிவித்தார். அந்த யோசனை நல்ல யோசனைதான். சோறு ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி, சூடு போகாத பெட்டிக்குள் மூடி வைத்துவிட்டால் மீதி வேக்காடு தானாகவே நடந்துவிடும். வைக்கோல் திணித்த பெட்டியில் பல ஊர்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள். கடைகளில் தெர்மல் குக்கர் என்று விற்பதும் இதே சங்கதிதான். அவர் காசிமேட்டுக்குப் போனார். தடைக்காலம் என்பதால் படகுகளும் சும்மா நின்றன, மீன் பெட்டிகளும் சும்மா கிடந்தன. ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டியை ஐம்பது ரூபாய்க்கு வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கடைக்குப் போகக் கூடாதே என்றேன். துறைமுகம் கடையில்லையாம்.

உள்ளே திணிக்க என் பழைய சேலைகள் போயின. கொதி வந்த பானையை இறக்கி வைத்து, மூடி, மேலே அம்மிக் குழவியை ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தோம். சோறு பூவாக வெந்திருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அது எத்தனையோ வருஷம் வஞ்சிரமும் வவ்வாலும் குடியிருந்த பெட்டி. சாம்பார் ஊற்றினால் மீன் சாம்பார். மோர் ஊற்றினால் மீன் மோர். "தடைக்காலத்துல மீன் வாசனை இலவசமா கெடைக்குது, அத்தயும் கொற சொல்றியே" என்றார். தெருப் பூனைகள் அவர் கட்சி. சாயங்காலத்துக்குள் எங்கள் வாசலில் மாநாடு கூடிவிட்டது. 14.2 கிலோ சிலிண்டர் சென்னையில் அப்போது 868 ரூபாய் 50 காசு. அதில் ஒரு பானைக்கு மூன்று ரூபாய் மிச்சம் என்று எழுதினார். அந்தச் சேலைகளை இரண்டு தடவை ஊறவைத்து, அடித்துத் துவைத்து, சோப்புத்தூள் போட்டு அலசியது எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

பெட்டி சும்மா இருக்க, கவனம் துணிக்குப் போனது. என் மாமனார் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996இல் மில் மூடியபோது அவருக்கு மிஞ்சியது கொஞ்சம் காக்கி டிரில் கால்சட்டைகள். அந்தக் காக்கி கிழியாது. மனிதர் போய், மில் போய், மில் இருந்த இடமும் அடையாளம் மாறிவிட்டது. கால்சட்டை அப்படியே இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்துக் காய்கறிப் பை தைத்தார். ஊசிகள் முறிந்தன. கடைசியில் கால் இரண்டையும் அடியில் மூடித் தைத்து, இடுப்பில் வார் வைத்தார். பார்க்கிறவர்களுக்கு இடுப்பு வரைக்கும் ஓர் ஆள் தொங்குகிற மாதிரிதான் தெரியும். ஆனால் பலம் அசைக்க முடியாதது. பைக்குள் ஆள் வைத்தும் தூக்கலாம்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, பட்டாளம் மார்க்கெட்டுக்குப் போனால்தானே பை வேண்டும்? போவதற்குத்தான் தடையே. இரண்டு, ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கை அரசு 2019 ஜனவரி 1இலிருந்து தடை செய்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கமே ஆரம்பித்தது. பத்து ரூபாய் போட்டால் மஞ்சள் பை தருகிற இயந்திரம் வைத்தார்கள். எங்கள் வீட்டில் இயந்திரமே தேவையில்லை. ஊரில் நடந்த எல்லாக் கல்யாணத்துத் தாம்பூலப் பையும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. பத்து ரூபாய்ப் பைக்கு நாற்பத்தைந்து ரூபாய்க்கு நூலும் ஊசியும் செலவு. "பையோட ஆயுசு நூறு வருஷம். வருஷத்துக்கு 45 காசுதான்" என்றார். கணக்குப் பிள்ளையிடம் வாதாட முடியாது.

ஐந்தாம் நாள்தான் வம்பு வந்தது. நோட்டில் "வர வேண்டிய பாக்கி" என்று ஒரு பக்கம். அதில் கீழ்வீட்டு அக்கா பெயரில் சர்க்கரை இரண்டு டம்ளர், காபித்தூள் ஒரு கரண்டி, தக்காளி மூன்று, பச்சைமிளகாய் கைப்பிடி. எல்லாம் என்னையே பேச்சு வாக்கில் கேட்டுக் கேட்டு எழுதியது. எழுதியதோடு விடாமல் கீழே இறங்கிப் போய், மரியாதையாகவே, வரிசையாக வாசித்துக் காட்டிவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பதை வைத்து ஒரு வாரம் ஓட்டுவது என்றால் என்ன என்று இந்தக் கட்டடத்துக்கு 2023 டிசம்பரிலேயே தெரியும். மிக்ஜாம் புயல். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி எல்லாம் தண்ணீரில் நின்றன. நாள் கணக்கில் கரண்ட் இல்லை, பால் பாக்கெட் கிடைக்கவில்லை. கீழ்வீட்டில் முழங்கால் தண்ணீர். அக்கா குடும்பம் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தது, வரும்போது தன் அரிசி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தது. எங்கள் சிலிண்டர், அவர்கள் அரிசி, எதிர்வீட்டு ஆயாவின் கருவாடு, என் வடகம், மாடிவீட்டுத் தம்பியின் மெழுகுவர்த்தி. ஒரே அடுப்பில் நாலு வீட்டுச் சோறு வெந்தது. கறுப்பு டீயில் போட்ட சர்க்கரை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாரத்துக்குப் பெயரும் இல்லை, நோட்டும் இல்லை.

அப்படிப்பட்ட அக்காவிடம்தான் இரண்டு டம்ளர் சர்க்கரை. அக்கா கோபப்படவில்லை. "இருங்கண்ணே, நான் சொல்றதயும் எழுதிக்குங்க" என்றது. "அண்ணி டெங்குல படுத்தப்ப நான் குடுத்த ரசம், கஞ்சி. தண்ணி லாரி வர்றப்பலாம் உங்க கொடத்தயும் சேத்து நான் வரிசைல நின்னது. உங்க புள்ள பரீட்சைக்கு லேட்டாயிடுச்சின்னு எங்க வீட்டுக்காரரு வண்டில இட்டுனு போனது. ஒண்ணொண்ணுக்கும் இன்னா ரேட்டுன்னு நீங்களே போட்டு, சர்க்கரைய கழிச்சிக்குனு மீதிய குடுங்க."

இவர் மேலே வந்தார். ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கரண்ட் செலவு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரைக்கு நேராக "வாராக்கடன், தள்ளுபடி" என்று எழுதினார். நான் ராத்திரியே உப்புக்கண்டத்தில் பாதியைப் பொரித்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழே போனேன். கிண்ணம் திரும்பி வரும்போது நிறைய கறிவேப்பிலை இருந்தது. அதை நோட்டில் ஏற்றாமல் நேராக எண்ணெயில் போட்டேன்.

மிச்சமிருந்தது தோட்டம். தோட்டக்கலைத் துறை 2013-14இலேயே சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டம் ஆரம்பித்து, பை, தென்னை நார்க் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் மானிய விலையில் கொடுத்தது. மானியத்துக்குக் காத்திருந்தால் வாரம் முடிந்துவிடும் என்று இவர் தனியாரிடமே வாங்கினார். பைகள், நார்க் கட்டி, மண்புழு உரம், பூவாளி, கையுறை, வெயிலுக்கு ஓலைத் தொப்பி. மொத்தம் 1,850 ரூபாய். கடைக்குப் போகக் கூடாதே என்று மறுபடியும் கேட்டேன். இது செலவில்லையாம், மூலதனமாம். பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லிக் கட்டு விற்கிற ஊரில் 1,850 ரூபாய் மூலதனம்.

அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தையும், இரண்டாக உடைத்த தனியாவையும் விதைத்தார். கத்திரி வெயில் தொடங்கிய வாரம். கொத்தமல்லி குளிர்ந்த பருவத்துச் செடி. மே மாத மொட்டை மாடியில் அது முளைப்பதைவிட வறுபடுவதற்குத்தான் வசதி அதிகம். வெந்தயம் மட்டும் மூன்றாம் நாளே மூக்கை நீட்டும். நீட்டுவதற்கு முன் மாடிவீட்டுத் தம்பியின் புறாக்கள் பார்த்துவிட்டன.

வடசென்னையில் புறாப் பந்தயம் சாதாரண விஷயமில்லை. காலையில் பறக்கவிட்டால் மணிக்கணக்கில் வானத்திலேயே நிற்கிற சாதாப் புறா, குட்டிக்கரணம் அடிக்கிற கர்ணப் புறா என்று தனித்தனிப் போட்டி, தனித்தனி நடுவர். சோளமும் கம்பும் கேழ்வரகும் அளந்து போட்டு, பிள்ளையைவிட மேலாக வளர்ப்பார்கள். அப்படி வளர்ந்த புறாக்கள் எங்கள் மூலதனத்தைக் காலி செய்தன. இவர் புகார் சொல்லப் போனார்.

"வெந்தயமா அண்ணே? நல்லதுதான், வயித்து சூடு தணியும்" என்றான் தம்பி. அப்புறம் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, ஒரு சாக்கு நிறையப் புறா எச்சம் கொண்டுவந்து கொடுத்தான். "செம உரம் அண்ணே. ஆனா அப்படியே போட்டுடாதீங்க, செடி கருகிடும். மக்க வெச்சி போடணும்." இவர் நோட்டில் "நஷ்ட ஈடு, பொருளாக" என்று எழுதினார்.

எதிர்வீட்டு ஆயாவிடம் மூலதனம் கிடையாது. உடைந்த பிளாஸ்டிக் குடத்தில் பசலை, பெயிண்ட் டப்பாவில் கற்பூரவல்லி, சாக்கில் புதினா. புதினாவுக்கு விதை வாங்கவில்லை. இலையைக் கிள்ளிக் குழம்பில் போட்டுவிட்டு, மிஞ்சிய தண்டை ஊன்றியதுதான். அரிசி களைந்த தண்ணீர் பசலைக்கு. மீன் கழுவிய தண்ணீர் வாசல் முருங்கைக்கு. புளித்த மோர் கறிவேப்பிலைக்கு. ஆயா அதைத் தோட்டம் என்று சொன்னதே இல்லை. எங்கள் மாடியைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள் ஒரு கைப் பசலை கொண்டுவந்து, "இந்தா நைனா, உன் தோட்டம் வளர்ற வரைக்கும் இத்த கடைஞ்சி துன்னு" என்றது. நோட்டில் அது "அன்பளிப்பு" ஆனது.

கடைசி நாள் ராத்திரி வரவுசெலவு அறிக்கை. பையனையும் என்னையும் உட்கார வைத்து வாசித்தார். வழக்கமான வாரச் செலவோடு ஒப்பிட்டால் நிகர மிச்சம் 612 ரூபாய். தோட்டம் மூலதனம் என்பதால் சேர்க்கவில்லை. பையன் கைதட்டினான். வாரம் பூராவும் வெளியில் தின்றவன், அவனுக்கென்ன.

நோட்டை வாங்கி ஒரு வரி நான் எழுதினேன். கூலி. கிராமத்து நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். ஓவர்டைம் வேண்டாம், நாலு மணி வடாத்துக்குத் தனிப் படி வேண்டாம், அதே ரேட் போதும். ஏழு நாளைக்கு 2,352. அதில் 612 போக, சிக்கன வாரத்தில் நஷ்டம் 1,740 ரூபாய்.

அவர் கணக்கை மேலிருந்து கீழே சரிபார்த்தார். கூட்டலில் தப்பில்லை. "வவுச்சர் இருக்கா?" என்று கேட்டார்.

உள்ளங்கையைக் காட்டினேன். அம்மிக் குழவி போட்ட கொப்புளம் இரண்டு.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிஷம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிஷம். அந்த 88ம் வீட்டுவேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. 2019 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருஷத்தில் எங்களுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதற்குள், அவர்களும் ஒன்பது நிமிஷம் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் உழைப்பாலும்தான் சொத்து சேருகிறது, அதில் அவருக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் செப்டம்பர் 15இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கிய அரசு, அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தது. கீழ்வீட்டு அக்காவுக்கு வருகிறது. இவர் சம்பளம் வருமான வரம்பைத் தாண்டியதால் எனக்கு வரவில்லை. இவர் ரிடையர் ஆனதில் எனக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை அதுதான்.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பீர்க்கங்காய்த் தோலைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. ஆனால் தோல் துவையல் ஆவதற்கு இடையில் ஒரு பெண்ணின் அரை மணி நேரம் போகிறது. பணம் மிச்சமாகிற இடத்திலெல்லாம் யாரோ ஒருத்தி நேரத்தைச் செலவு செய்திருக்கிறாள். அந்தச் செலவை எழுதாத நோட்டு, பொய்க் கணக்கு எழுதிய நோட்டுதான்.

ஆகையால் சிக்கன வாரம் கொண்டாட நினைக்கும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராளமாகக் கொண்டாடுங்கள். நோட்டு வாங்காதீர்கள், தராசு வாங்காதீர்கள், ஓலைத் தொப்பி வேண்டவே வேண்டாம். முதல் நாள் காலையில் எழுந்து, ராத்திரி போட்ட பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அப்புறம் பேச ஆரம்பியுங்கள். அதற்குச் சபீனாவும் தேங்காய் நாரும் போதும், இரண்டும் வீட்டிலேயே இருக்கின்றன.